விராலுக்கு ரப்பர் தவளை: நெல்லைக் குளங்களில் பார்த்ததும் பழகியதும்

நெல்லைப் பக்கத்துக் குளங்களில் விரால் பிடிக்க ஒரே ஒரு லூர் (செயற்கை இரை) மட்டும் வாங்குவதென்றால் எதை வாங்கலாம் என்று புதிதாக ராடு (தூண்டில் கம்பு) பிடிக்கும் பையன்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ரப்பர் தவளைதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஸ்பூன், ஸ்பின்னர், மினோ என்று கடையில் விற்கிற மற்ற லூர்கள் எல்லாம் நல்ல சாமான்கள். தெளிந்த ஆற்றின் ஆழமான கசத்தில் அவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நம்முடைய குளம் எப்படி இருக்கிறது? கரையோரம் சம்பும் கோரையும். கொஞ்சம் தள்ளி அல்லி, தாமரை. அதற்கு நடுவே வேலம்பாசி. உள்வாய்ப் பக்கம் போனால் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். தூண்டில் முள் தொங்கும் லூரை இதற்குள் எறிந்தால் பாசிதான் அள்ளிக்கொண்டு வரும்.

விரால் குடியிருப்பதோ அந்தப் பாசிக்குள்தான். அது தண்ணீரில் கரைந்த காற்றை மட்டும் நம்பி வாழும் மீன் அல்ல. அவ்வப்போது மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுப் போக வேண்டும். அதனால் மற்ற மீன் மூச்சுத் திணறும் கலங்கலிலும், வெயிலில் சூடாகிப் போன முழங்கால் அளவுத் தண்ணீரிலும் அது சௌகரியமாக இருக்கும். குளம் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து அடுத்த மழைக்குத் தாக்குப்பிடிக்கும். நமக்கு இதில் ஒரு லாபம் உண்டு. கரையில் சும்மா நின்று பார்த்தாலே விரால் எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அல்லி இலைகளுக்கு நடுவே ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், ஒரு சின்னச் சுழிப்பு, பின்னாலேயே இரண்டு மூன்று குமிழி. அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ராடைத் தொடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இப்படிப் பார்ப்பது, கண்ட இடத்திலெல்லாம் எறிந்து கை வலிப்பதைவிட எவ்வளவோ மேல்.

தவளை வைத்து விரால் பிடிப்பது ஒன்றும் ராடும் ரீலும் (தூண்டில் நரம்பு சுற்றும் உருளை) வந்த பிறகு முளைத்த வித்தை இல்லை. எங்கள் சித்தப்பா மூங்கில் கம்பில் தடித்த தங்கூசி (நைலான் நரம்பு) கட்டி, உயிர்த் தவளையின் தொடைத் தோலில் முள்ளைக் கோத்து, மடைக்குப் பக்கத்தில் நீந்த விடுவார். தவளை தப்பிக்கப் பார்த்துக் காலை உதைக்கும், நிற்கும், மறுபடி உதைக்கும். அவர் எதுவும் செய்ய மாட்டார். விரால் வந்து அடித்ததும் நான் பரபரப்பேன். அவர் கையை நீட்டித் தடுப்பார். “பொறுடே. அவன் கவ்விட்டுத் திரும்பட்டும். திரும்புன பொறவு இழு.” இந்தப் பேச்சு ரப்பர் தவளைக்கும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது என்பதுதான் ஆச்சரியம்.

உயிர்த் தவளையை இன்றைக்கு நான் தொடுவதில்லை. வயல் தவளை பூச்சிகளைத் தின்கிற பிராணி. ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக்கால் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. வயல்களில் தவளை குறைந்து பூச்சி பெருகுகிறது என்ற கவலை எழுந்து, 1987-இல் அரசு அதைத் தடை செய்தது. மழைக்குப் பின் வயலில் கேட்கிற தவளைச் சத்தம் எனக்குப் பிடிக்கும். அதைக் குறைத்துத்தான் விரால் பிடிக்க வேண்டும் என்கிற நிலைமை இப்போது இல்லை. ரப்பர் தவளை ஒன்று நன்றாகவே உழைக்கும்.

சரி, லூருக்கு வருவோம். கையில் எடுத்து அமுக்கிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம். உடம்பு மெத்தென்று அமுங்கும். இரட்டை முள் பின்பக்கமாக வெளியே வந்து, மேல்நோக்கி வளைந்து, முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். அடிவயிறு வழவழப்பாக இருப்பதால் பாசியின் மேலே எதிலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். விரால் கவ்வி அழுத்தினால் உடம்பு தட்டையாகும், அப்போது முள் இரண்டும் மேலெழுந்து அதன் மேல்தாடையில் ஏறும். இந்த ஒரு அமைப்பில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. ஆகவே கடையில் வாங்கும்போது கண், வண்ணம், பளபளப்பு எதையும் பார்க்காதீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து லேசாக அமுக்குங்கள். முள்நுனி உடனே வெளியே தெரிந்தால் வாங்கலாம். அழுத்தி நசுக்க வேண்டியிருந்தால் அது பொம்மை. விலை அதிகமான தவளையிலும் இப்படிக் கெட்டியானவை உண்டு, மலிவானவற்றில் தங்கமானவையும் உண்டு.

எறிவதில் ஒரு விஷயம்தான். விரால் இருக்கும் இடத்தின் தலையில் போடக் கூடாது. அதைத் தாண்டி, பாசி மேலேயோ இலை மேலேயோ விழட்டும். அங்கிருந்து பைய இழுத்து வந்து, பாசி விலகித் தண்ணீர் தெரிகிற குழி விளிம்பில் தவளையைத் ‘தொபுக்’ என்று இறக்க வேண்டும். பிறகு நிறுத்த வேண்டும்.

இந்த நிறுத்தலைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தவளையை ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். டக், டக், டக் என்று ரீல் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, மறுபடி எறிந்து, மறுபடி சுற்றி. உண்மையான தவளை அப்படிப் போகுமா? இரண்டு உதை உதைக்கும், காலைப் பரப்பிக்கொண்டு மிதக்கும். விரால் அடிப்பது பெரும்பாலும் அந்த மிதக்கும் நேரத்தில்தான். குழிக்குள் இறங்கியதும், விழுந்த அலை முழுவதும் அடங்கும்வரை தவளை அசையாமல் இருக்கட்டும். பின்பு ராடு நுனியை மட்டும் ஒரு சாண் ஆட்டுங்கள். நரம்பில் கொஞ்சம் தளர்ச்சி இருந்தால் தவளை இடத்தை விட்டு நகராமல் தலையை மட்டும் திருப்பும். மறுபடி நிறுத்துங்கள். ஒரு குழியில் இப்படி எவ்வளவு நேரம் தங்க முடிகிறதோ அவ்வளவு நல்லது.

போன மாசியில் முன்னீர்பள்ளம் பக்கத்துக் குளம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். அல்லி நெருக்கமாகப் படர்ந்த இடம், நடுவில் ஒரு சுளகு அகலத்துக்குத் தண்ணீர். தவளை அதில் இறங்கி மிதந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் இரண்டு முழம் தள்ளி ஒரு அல்லி இலை மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. அப்புறம் அதற்கு அடுத்த இலை. காற்று கிடையாது, மற்ற இலைகள் எல்லாம் அப்படியே இருந்தன. போர்வைக்குள் பூனை நகர்வது போல அந்த மேடு தவளையை நோக்கி வந்து, ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டது. நானும் ஆட்டவில்லை. தவளையின் ரப்பர்க் கால்கள் மட்டும் தன் போக்கில் தண்ணீரில் விரிந்து கிடந்தன. ஒரு சின்ன அசைவு கொடுத்தேன். தண்ணீர் தெறிக்கவே இல்லை. ‘டப்’ என்று ஒரு அமுங்கிய சத்தம், தவளையைக் காணோம்.

பெரிய விரால் பல நேரம் இப்படித்தான் எடுக்கிறது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆர்ப்பாட்டமாக அடிப்பவை அனேகமாகச் சின்னவை, இல்லையென்றால் குறி தவறியவை. சத்தத்தைக் கேட்டு ராடை வெட்டி இழுத்தால் தவளை பறந்து வந்து உங்கள் முகத்தில் விழும். முள்ளோடு வருகிற சாமான், கண்ணுக்கு ஆபத்து. சத்தத்தை விட்டுவிட்டு நரம்பைப் பாருங்கள். ராடு நுனியைத் தவளைப் பக்கமாக இறக்குங்கள், தளர்ந்து கிடக்கும் நரம்பைச் சுற்றி எடுங்கள். மீனின் எடை கையில் தெரியும், நரம்பு ஒரு பக்கமாக ஓட ஆரம்பிக்கும். சித்தப்பா சொன்ன ‘திரும்புவது’ அதுதான். அப்போது ராடை வெட்டி இழுக்க வேண்டும், பலமாக, ஒரே அடி. அடித்ததும் நிறுத்தாமல் சுற்றி அதன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட வேண்டும். தலை பாசிக்குள் போய்விட்டால் தாமரைத் தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றிவிடும். பிறகு மீனும் இல்லை, தவளையும் இல்லை.

தவறிவிட்டால்? அதே குழியில் மறுபடி போடுங்கள். முள் குத்தாமல் தப்பிய விரால் கோபத்தில் அங்கேயேதான் நிற்கும். இரண்டாம் முறையும் தவறினால் சின்னத் தவளை ஒன்றை மாற்றிக் கட்டிப் போடுவது எனக்குப் பலன் கொடுத்திருக்கிறது.

எங்களோடு வருகிற மேலப்பாளையத்து பாய் ஒருவர் பைக் மெக்கானிக். கையில் எது கிடைத்தாலும் பிரித்துப் பார்க்காமல் விட மாட்டார். தவளைக்குள் தண்ணீர் ஏறி அது பாதி முங்கிப் போவது எல்லோருக்கும் உள்ள தொல்லை. நாங்கள் எல்லாம் ஒவ்வொரு எறிக்கும் அதைப் பிழிந்து பிழிந்து எறிந்துகொண்டிருந்தோம். பாய் மூக்குப் பக்கமும் வால் பக்கமும் உள்ள ஓட்டைகளை முழுவதும் அடைத்துப் பார்த்தார். தண்ணீர் ஏறவில்லை, ஆனால் விரால் அடித்தும் முள் குத்தவில்லை. காரணத்தை அவரே கண்டுபிடித்துச் சொன்னார்: “உள்ள இருக்க காத்து வெளிய போக வழி இல்லண்ணே. டியூப் மாதிரி நிக்கிது. அமுங்குனாத்தான முள்ளு வெளிய வரும்?” இப்போது மூக்கில் மட்டும் மீன்தொட்டிக்கு ஒட்டுகிற சிலிகான் பசையை ஒரு பொட்டு வைக்கிறார். வால் பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறார். உடனடியாக ஒட்டுகிற பசை எதையும் போடாதீர்கள். அது காய்ந்து கெட்டியாகி, முதல் கடியிலேயே விரிசல் விடும்.

அவர் காட்டிய இன்னொன்று, கால் ரப்பர் இழைகள். புதுத் தவளையில் இரண்டு பக்கமும் நீளமாக, சமமாக இருக்கும். ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டால் ஆட்டும்போது தவளை நேராக வராமல் இடமும் வலமும் தலையைத் திருப்பும். ரொம்ப நீளமான இழை இருந்தால் சின்ன விரால் அதன் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டுப் போகும், முள் வரை வராது. முள்ளையும் பிளையரால் பிடித்து ஒரு நெல்மணி அளவுக்கு வெளியே விரித்துவிடலாம். அதற்கு மேல் விரித்தால் பாசி மாட்ட ஆரம்பிக்கும். தவளைகளை வெயிலில் நிற்கிற பைக் பெட்டிக்குள் ஒன்றாகப் போட்டு வைக்காதீர்கள். நம்மூர் வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டி, உருக்குலைந்து போகும்.

வாய்க்கால் கதை வேறு. பழவூர் அணைக்கட்டிலிருந்து வருகிற பாளையங்கால், அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து வருகிற கோடகன் கால் போன்றவற்றில் தண்ணீர் அடைத்த பிறகு அங்கங்கே தேங்கிய குழிகளில் விரால் நிற்கும். அகலம் குறைவு, எறிகிற தூரமும் குறைவு. எங்களில் இளையவனான ஒரு கல்லூரித் தம்பி இதில் கெட்டிக்காரன். “அண்ணே, இங்கன பெரிய தவளை விழுந்தா மீனு பயந்துரும்” என்பான். அவன் போடுவது ஜம்ப் ஃப்ராக் என்கிற கட்டைவிரல் அளவுச் சின்னத் தவளை. கெட்டியான உடம்பு, அடியில் தகடு ஒன்று சுழலும். அது முங்காது, அமுங்கவும் செய்யாது. முள் வெளியேதான் இருக்கும், அதனால் பாசி இல்லாத இடத்துக்குத்தான் சரி. அதை அவன் நிறுத்தாமல் ஒரே சீராகத் தண்ணீர் மேல் ஓட்டி வருகிறான், மீனும் அடிக்கிறது. நான் நிறுத்தலைப் பற்றி இவ்வளவு சொன்னதெல்லாம் பாசிக்குளத்து ரப்பர் தவளைக்கு. திறந்த தண்ணீரில் தம்பி வழிதான் சரி.

ராடு, ரீல் பற்றி நிறையப் பேசத் தேவையில்லை. 6.5 முதல் 7 அடி, கொஞ்சம் விறைப்பான ராடு. 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல்) நரம்பு. தங்கூசி இழுபடும், பாசிக்குள் தூரத்தில் இருந்து அடிக்கும்போது அடி போய்ச் சேராது. தவளை 8 முதல் 15 கிராம் வரை இருக்கலாம். வண்ணத்தைப் பற்றி எங்களுக்குள் தீராத வாக்குவாதம். கீழேயிருந்து பார்க்கிற விராலுக்கு வானத்துக்கு எதிரே தவளையின் வயிறும் நிழலும்தான் தெரிகின்றன, முதுகில் எந்த வண்ணம் என்றால் என்ன? மங்கிய வெளிச்சத்தில் கறுப்பு நன்றாகத் தெரியும் என்பதால் அந்தி நேரத்துக்கு அதைக் கட்டுகிறேன். மற்ற நேரத்தில் மஞ்சளோ வெள்ளையோ. அது மீனுக்காக இல்லை, தவளை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமே.

காலம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து குளம் பெருகி மறுகால் பாயும்போது மீன் எல்லாப் பக்கமும் பரவிவிடும். தண்ணீரும் கலங்கல், தவளைக்கு அவ்வளவு பலன் இருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருவெள்ளத்தில் நம் மாவட்டத்திலும் தூத்துக்குடியிலும் பல குளங்கள் உடைந்தன. நாங்கள் பழகிய ஒரு குளத்தில் பாசி மொத்தமும் அடித்துக்கொண்டு போய், இடமே அடையாளம் தெரியவில்லை. பழைய இடத்தை நம்பாமல் மறுபடி முதலிலிருந்து பார்த்துப் பழக வேண்டியிருந்தது. தை, மாசியில் தண்ணீர் தெளிந்து அல்லி படரும்போதுதான் ரப்பர் தவளைக்கு நல்ல நாள். பங்குனி, சித்திரையில் குளம் சுருங்கி மடைப்பள்ளத்தில் மீன் கூடும். காலை வெயில் ஏறுவதற்குள்ளும், பொழுது சாயும்போதும் மட்டும் போடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் போகிறவர்கள் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நில்லுங்கள். பக்கக் காற்றில் நரம்பு வில்லாக வளைந்து தவளையைத் தானே இழுத்துக்கொண்டு போகும், நிறுத்தவே முடியாது.

இனி நான் சொல்வதை ஒவ்வொரு தூண்டில்காரரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மழைக்குப் பின் பாசி ஓரமாக, தண்ணீர் மேலே செக்கச்செவேலென்று ஒரு குஞ்சுக் கூட்டம் கொப்பளித்தபடி நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். விரால் குஞ்சு. அதற்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் தவளையைப் போட்டால் பசியில்லாமலே வந்து அடிக்கும், குஞ்சைக் காப்பாற்றத்தான் அடிக்கிறது. இதை ஒரு உத்தியாகவே சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். காவல் போன அடுத்த நிமிடமே சிலேபி மீனும் குறவை மீனும் வந்து அந்தக் குஞ்சுகளை மேய்ந்துவிடும். ஒரு மீனுக்காக ஒரு குளத்தின் அடுத்த வருட விராலை அழிக்கிற காரியம் அது. சிவப்புக் கூட்டத்தைக் கண்டால் நாங்கள் தவளையைச் சுற்றி எடுத்துக்கொண்டு வேறு மூலைக்குப் போய்விடுகிறோம்.

குளத்தில் இறங்குவதற்கு முன்னால் மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். பணம் கட்டி ஏலம் எடுத்தவர் அவர். நேராகப் போய், “அண்ணாச்சி, பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட வந்தோம், பிடிச்சத விட்டுருவோம், இல்லன்னா எடைக்குக் காசு தந்துருதோம்” என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், எந்தப் பக்கம் விரால் அடிக்கிறது என்று அவர்களே கைகாட்டியும் விடுவார்கள். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். காரையாறும் சேர்வலாறும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. அங்கெல்லாம் ராடை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். அறுந்த பிரெய்டு நரம்பைக் கரையில் போட்டுவிட்டும் வராதீர்கள். அது மக்காது. நீர்க்காகத்தின் காலிலும் நாரையின் அலகிலும் சுற்றிக்கொண்டால் அந்தப் பறவை பட்டினி கிடந்து சாகும். கரையில் கோரைக்குள் கால் வைக்கும்போது பூட்ஸ் போட்டிருங்கள், கண்ணாடி விரியன் இருக்கும்.

பிடித்த மீனை விடுவதென்றால், தவளையை வாங்கிய அன்றே பிளையரால் ஒரு வேலை செய்துவிடுங்கள். முள்நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிற சின்னப் பல்லை நசுக்கிவிட வேண்டும். நரம்பைத் தளர விடாமல் இழுத்தால் மீன் அவ்வளவாகத் தப்புவதில்லை. கழற்றும்போது தாடை கிழியாமல் முள் வழுக்கிக்கொண்டு வரும். விராலுக்குப் பல் கூர்மை, விரலை உள்ளே விடாதீர்கள். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். வறண்ட கையிலும் சுடுகிற கல்லிலும் அதன் வழுவழுப்பு உரிந்துவிடும், அது போனால் தோலில் புண் பிடிக்கும்.

வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒரு கிலோ, ஒன்றே கால் கிலோவில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், குழம்புக்கு அதுதான் பதம். பெரிய தாய் மீனைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.